பந்தக்காலைப் பிடுங்கிவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

பந்தக்காலைப் பிடுங்கிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், என் கையாலேயே. இதைப் படித்ததும் உன் முகம் சுண்டிப்போகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஆவணியில், உன் கல்யாணத்துக்காக, வாசலின் ஈசானிய மூலையில் உன் அம்மா நட்ட கால் அது. நட்ட மூன்றாம் நாள் நெஞ்சுவலி வந்து அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காலை யாரும் தொடவில்லை, நானும் தொட விடவில்லை. இப்போது தொட்டிருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. பொறுமையாக முழுதும் படி. பிடிக்காத பேச்சு வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிற குணம் உனக்கு உன் அப்பனான என்னிடமிருந்து வந்ததுதான், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

போனில் பேசியிருக்கலாம். நீ எடுப்பதில்லை. குரல் பதிவு அனுப்பினால் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அம்மாவின் வருஷத் திதிக்கு வருவாய் என்று பார்த்தேன், அதற்கும் லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வரி. குவைத்தில் லீவு கிடைக்காத நாள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் நீ கேட்டிருக்கவே மாட்டாய். ஆகையால் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். இதே கடிதத்தை, நீ வேண்டாம் என்று விட்டுப்போன தேன்மொழிக்கும் உன் பெரியம்மாவுக்கும் படிக்கக் கொடுக்கப் போகிறேன். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பேசிப் பேசித்தான் நம் வீடு இந்தக் கதிக்கு வந்தது.

நீ கிளம்பிய அன்று வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அம்மா அரமனசாத்தாம்பா நட்டாங்க. என் தொல்ல தாங்காம நட்டாங்க. அதான் போயிட்டாங்க. இனிமே இந்தக் கல்யாணப் பேச்சே வேணாம்." அதோடு நிற்காமல் தேன்மொழிக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டுப் போனாய். உனக்கு ஆதாரம் அம்மாவின் நகம். அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் பின்கட்டில் கிசுகிசுத்ததை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். "நகமெல்லாம் கறுத்துக் கெடக்கு. எவ்ளோ மஞ்சா தேச்சாலும் போவல." அதற்கு உன் பெரியம்மா விளக்கம் வேறு கொடுத்தார். "மனசு ஆறாம போனா நகம் அப்படித்தான் கறுக்கும். புள்ள புடிவாதம் புடிச்சான்ல, உள்ளுக்குள்ளயே வெச்சிருந்துட்டா." நீ போய் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாய். நகக்கண் எல்லாம் கறுப்பு. நானும் பார்த்தேன். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை விட்டுவிட்டேன், நீ பிடித்துக்கொண்டாய்.

நான் பார்த்துவந்த வேலை உனக்குத் தெரியும். ரயில் பாதையில், பாலங்களின்மேல், தண்டவாளத்தைத் தாங்குவது மரக்கட்டைதான். மற்ற இடமெல்லாம் சிமெண்ட்டுக்கு மாறிய பிறகும் பாலத்தில் நெடுநாள் மரமே இருந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல கட்டை டங்கென்று சொல்லும். உள்ளே செத்த கட்டை டொப்பென்று சொல்லும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஏமாந்துபோவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் எங்கே போனாலும் அந்த வீட்டுக் கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பேன். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் அதே பிரசங்கம்தான். மரத்தைப் பட்டையோடு நடாதே. ஈரமாக இருக்கும்போது எதையும் பூசாதே. வெட்டுவாய், அதாவது அறுத்த முனைதான் மரத்துக்கு வாய், தண்ணீரை அதுதான் குடிக்கும், அதற்குத் தார் எண்ணெயை இரண்டு தடவை பூசு. புதைகிற பகுதிக்கு மட்டும் பூசி நிறுத்தாதே, மண்ணுக்கு மேல் ஒரு சாண் வரைக்கும் பூசு. மண்ணும் காற்றும் சந்திக்கிற இடத்தில்தான் மரம் முதலில் சாகிறது. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. உன் அம்மா என்னைப்போலவே குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஒரு சாண், ஒரு சாண்" என்று கரண்டியால் அளந்து காட்டிச் சிரிப்பாள். "ஒங்கப்பாவுக்கு என்னவிட கட்டைமேலதான் பாசம் ஜாஸ்தி" என்று உன்னிடம் சொல்வாளே, அது இதனால்தான்.

தேன்மொழி விஷயத்தில் அவள் முதலில் ஒப்பவில்லை என்பது உண்மை. நம்ம ஆளுங்க இல்லை என்ற ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. அப்புறம், உன் நச்சரிப்பு தாங்காமல்தான், கீரப்பாளையம் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். நீ குவைத்தில் இருந்தாய், அன்று நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். காப்பி வருவதற்குள் நான் எழுந்துபோய் அவர்கள் வாசல் நிலையைத் தட்டிவிட்டேன். டொப்பென்றது. கரையான் என்று தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்குமா? "சம்பந்தி, உள்ள செல்லு புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷருக்கு முகம் செத்துப்போயிற்று. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே செல்லரித்துவிட்டேன். அப்போது அந்தப் பெண் காப்பித் தட்டோடு வந்து நின்று சொன்னாள். "செல்லு செத்துப்போச்சு மாமா, போன மாசமே மருந்து அடிச்சாச்சு. நெலைய மட்டும் இன்னும் மாத்தல. காப்பி ஆறுது, குடிங்க." திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா வெகுநேரம் வெளியே நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சேத்தியாத்தோப்புக் கூட்டம் ஏறி இறங்கிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "வாயாடியா இருக்கு. ஒங்களுக்கு அதான் சரி." அவ்வளவுதான் சம்மதம். வேறு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அதனால்தான் அரைமனசு என்று நீ சொன்னபோது என்னால் அடித்துப் பேச முடியவில்லை.

பந்தக்காலுக்கு அவளே போய்ச் சவுக்குக் கழி வாங்கி வந்தாள். வளையாமல், காய்ந்ததாகப் பார்த்து வாங்கியிருந்தாள். நடுவதற்கு முதல் நாள் என்னைச் சிதம்பரத்துக்குப் பத்திரிகை கொடுக்க அனுப்பிவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கழி பின்கட்டில் சாய்த்து வைத்திருந்தது, அடியில் மஞ்சள் துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணியை உச்சியில்தானே கட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது, கேட்கவில்லை. அன்று செம்மங்குப்பம் கெமிக்கல் ஆலைப் பக்கத்துக் காற்று. அந்த வாடை அடிக்கிற நாளில் நம் முதுநகரில் யாருடைய மூக்கும் வேலை செய்யாது, உனக்கே தெரியும். அவள் கையைப் பார்த்து, "என்னா கறுப்பு?" என்றேன். "சட்டிக் கரி" என்றாள். மறுநாள் காலையில் உன் பெரியம்மா முதலாகச் சுமங்கலிகள் சுற்றி நின்று பால் ஊற்ற, குழியில் நவதானியம் போட்டு, அவள் கழியைப் பிடித்து இறக்கினாள். வேறு யாரையும் அடியைத் தொடவிடவில்லை. நீ அன்று மத்தியானம்தான் ஊர் வந்து சேர்ந்தாய்.

அப்புறம் நடந்ததெல்லாம் நீயும் பார்த்தது. நீ போன பிறகு சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பந்தக்கால் நிற்கக் கூடாது என்றது ஒரு கட்சி. நட்டதைப் பிடுங்கினால் கல்யாணம் நின்றுபோயிற்று என்று நாமே சொன்ன மாதிரி, நடக்கிற வரைக்கும் கை வைக்காதே என்றது இன்னொன்று. நான் எந்தக் கட்சியும் இல்லை. அவள் கை பட்ட கடைசிப் பொருள் அது, எனக்கு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு மஞ்சள் தண்ணீரும் கொஞ்சம் பாலும் ஊற்றினேன். ஐப்பசி மழையில் தெரு எல்லாம் தண்ணீர் நின்று மண் இளகியபோது கால் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. விழுந்துவிடுமோ என்று பயந்து, அடியில் முழங்கால் உயரத்துக்கு மண்ணும் செங்கல்லும் கொட்டி அணைத்தேன். உச்சியைத் தேங்காய்நார்க் கயிற்றால் நம் வாசல் நிலையோடு சேர்த்துக் கட்டினேன். என் வாழ்நாள் முழுக்க எதைச் செய்யாதே என்று ஊருக்குச் சொன்னேனோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். அன்பு இருக்கிற இடத்தில் மூளை இருக்காது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

சத்தம் பங்குனியில் ஆரம்பித்தது. மத்தியானம், தெரு அடங்கி, மின்விசிறியும் நின்றுபோயிருந்த ஒரு வேளை. சாப்பிட்டுவிட்டு வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். உலர்ந்த நெல்லை முறத்தில் லேசாகக் குலுக்குகிற மாதிரி ஒரு சரசரப்பு, என் முதுகெலும்பை ஒட்டிக் கேட்டது. திரும்பினேன், நின்றுவிட்டது. பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் தட்டினேன். கொஞ்சம் பொறுத்து அதே சரசரப்பு திரும்ப வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது. நான் தட்டினால் மட்டும் வந்தது. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் அடிக்கப் போகிறவன் நான். தண்டவாளத்தில் எத்தனையோ உடல்களைத் துணி போர்த்தி எடுத்திருக்கிறேன், ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் அன்று எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து, தட்டி, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அது சரசரத்தது.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு தினமும் பேசினேன். கரண்ட் பில் கட்டியதை, எதிர் வீட்டில் குழந்தை பிறந்ததை, நீ போனை எடுக்காததை. சொல்லிவிட்டுத் தட்டுவேன், பதில் வரும். அது என்ன சத்தம் என்று உங்களுக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். எல்லாம் தெரியும். தட்டும்போது முதலில் டொப்பென்றுதான் கேட்டது. அந்த டொப்பை என் காது வாங்க மறுத்தது, பின்னால் வருகிற சரசரப்பை மட்டும் வாங்கிக்கொண்டது. நிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மண் கோடு எழும்பியது, விரல் கனத்தில். அது நேராக மேலே போகாமல் வளைந்து, மாலை போட்ட அம்மாவின் படத்தைப் பார்த்துப் போயிற்று. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளும். ஒரு துடைப்பக் குச்சியால் தட்டிவிட்டிருக்கலாம். அவள் படத்தைத் தேடிப் போகிறதை நான் எப்படித் தட்டுவேன்? ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன். "சம்மதிச்சுத்தான் நட்டியா? புள்ள அங்க செத்துக்கிட்டிருக்கான், சொல்லிடு." தட்டினேன். ஒன்றும் வரவில்லை. முதல் முறையாக ஒன்றும் வரவில்லை. கோபத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். அப்போது வந்தது பார், நிலையின் இரண்டு பக்கமும், தலைக்கு மேல் குறுக்குக் கட்டையிலும், படத்துக்குப் பின்னாலும், ஒரே நேரத்தில். வீடே சலசலத்த மாதிரி இருந்தது. அது ஆமா என்று சொன்னதா, இல்லை என்று சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே போய், இருட்டுகிற வரைக்கும் உள்ளே வரவில்லை.

ஆனியில் கோடை மழை பெய்த ஒரு சாயங்காலம் இன்னொன்று நடந்தது. விளக்கு வைக்கிற நேரம். நிலையின் வர்ணத்தில் ஊசி குத்தின மாதிரி துளைகள் விழுந்தன. அவற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. தோட்டத்திலிருந்து உள்ளே வரவில்லை, தம்பி, வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஓசை இல்லாமல் கூடம் நிறைந்தது. என் கண்ணிலும் வாயிலும் மோதியது. விளக்கை அணைத்துவிட்டு நடுக்கூடத்தில் அசையாமல் நின்றேன். காலையில் பார்த்தால் தரையெல்லாம் சிறகு. காற்று அவற்றை ஒதுக்கி அம்மாவின் படத்துக்குக் கீழே குவித்து வைத்திருந்தது, யாரோ கையால் கூட்டி வைத்த மாதிரி. அன்றைக்குத்தான் முதல் முறையாக, இந்த வீட்டில் நான் மட்டும் இல்லை என்று பயந்தேன். அதுவரைக்கும் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தேன்மொழி மாதத்துக்கு ஒரு ஞாயிறு, தான் தங்கியிருக்கிற அண்ணாமலை நகரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள் என்பது உனக்குத் தெரியாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் அல்லவா, என் பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து, வேளை தவறாமல் போடுகிறேனா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவாள். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. கடையில் ஆள் குறைந்து நாலைந்து மாதம் விட்டுப்போயிற்று, இந்த ஆவணியில்தான் வந்தாள். உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நிலையை மேலும் கீழும் பார்த்தாள், முட்டியால் தட்டினாள். அது எனக்குப் பதில் சொல்கிற மாதிரியே அவளுக்கும் சொன்னது. எனக்கு ஏனோ சுருக்கென்றது. அவள் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். விரல் வர்ணத்தைத் துளைத்துக்கொண்டு முழுசாக உள்ளே போய்விட்டது. "மாமா, இது செல்லு. வெறும் பெயிண்ட்டுதான் நின்னுக்கிட்டிருக்கு" என்றாள். "கைய எடு" என்று கத்தினேன். அவள் எடுக்கவில்லை. என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அத்த பேசுறாங்கன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை, தம்பி. சிரித்திருந்தால் அவளை அன்றே வெளியே அனுப்பியிருப்பேன். தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு எழுந்து படத்தை இறக்கினாள். முன்னால் இருந்து பார்த்தால் அம்மாவின் முகம் முழுதாகத்தான் இருந்தது. திருப்பினாள், பின்னால் அட்டை இல்லை, மண்தான் இருந்தது. நேராக்கியபோது அந்த அசைவில் கண்ணாடிக்குள்ளே அவள் நெற்றியும் கண்களும் பொடியாக உதிர்ந்து அடியில் தேங்கின. வாய் மட்டும் மிச்சம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்படி ஆயிற்று. இத்தனை மாதமாக எந்த முகத்துக்குப் பூ வைத்தேன்? தேன்மொழி படத்தைத் தன் துப்பட்டாவில் சுற்றி மூடிவிட்டாள். "இத நீங்க பாக்க வேணாம். என் போன்ல அத்த படம் இருக்கு, எங்க ஊருக்கு வந்தப்ப எடுத்தது. புதுசா போட்டுக்கலாம். ஆனா மருந்து அடிச்சுட்டுத்தான்." நான் தலையை ஆட்டினேன்.

போன ஞாயிறு பரங்கிப்பேட்டையிலிருந்து சலீம் என்று ஒருவரைக் கூட்டி வந்தாள், பூச்சி மருந்து அடிக்கிறவர். சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போட்டு மருந்தை உள்ளே செலுத்த வேண்டும் என்றார். வாசலில் கயிறு கட்டிய கழியைப் பார்த்ததும் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். "இதுதான் அண்ணே பாலம். மண்ணுலேர்ந்து இதுல ஏறி, கயித்து வழியா நெலைக்கு வந்திருக்கு. இத எடுக்காம மருந்து அடிச்சா வேஸ்ட்டு." எடுக்க முடியாது என்றேன். கல்யாணக் கால் என்றேன். அவர் தேன்மொழியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "ஒங்க இஷ்டம் மாமா. நான் சொல்லக் கூடாது" என்றாள். யாருக்காக நட்டதோ அந்தப் பெண், சொல்லக் கூடாது என்று ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உயிரோடு இருக்கிறவளை வாசலில் நிறுத்திவிட்டு நான் எதற்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று.

போய்க் கழியைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. என் மார்போடு உடைந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பூச்சிகள் சட்டையெல்லாம் வழிந்தன. ஓர் ஆள் உயரக் கழி, கையில் கனமே இல்லை. ஆனால் நான் அணைத்த மண்ணுக்குக் கீழே அது அசையவில்லை. நானும் சலீமும் சேர்ந்து ஆட்டினோம், வரவில்லை. செங்கல்லை விலக்கி, கடப்பாரையால் சுற்றித் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தது முழங்கை நீளத்துக்குக் கறுகறுவென்று ஒரு கட்டை. துணி மட்கிப்போயிருந்தது, நூல் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டை உரித்திருந்தது. வெட்டுவாயில் இரண்டு பூச்சு, தடிமனாகத் தெரிந்தது. மோந்து பார்த்தேன். தார் எண்ணெய். கொல்லை அறையில் நான் வைத்திருந்த டப்பாவின் எண்ணெய். அவள் நட்ட அன்றைக்கு மண் எந்த மட்டத்தில் இருந்தது என்று கட்டையிலேயே தடம் இருந்தது. கையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன், தம்பி. தடத்துக்கு மேல் சரியாக ஒரு சாண். அவளுடைய சாண் இல்லை, என்னுடைய சாண்.

அதற்கு மேலே மண்ணைக் கொட்டி ஏணி வைத்துக் கொடுத்தவன் நான்தான். அவள் பூசின இடத்தில் ஒரு பூச்சிகூட வாய் வைக்கவில்லை. சுத்தியல் இல்லை, கடப்பாரையாலேயே தட்டினேன். டங்கென்றது. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, மனம் விட்டு அழுதேன். அவள் போனபோதுகூட அப்படி அழவில்லை. கல்யாணக் காலில் கறுப்பு ஆகாது என்று உன் பெரியம்மா குதிப்பார் என்று பயந்து, என்னிடமும் சொல்லாமல், மஞ்சள் துணியைச் சுற்றி மறைத்திருக்கிறாள். சீயக்காயாலும் மஞ்சளாலும் போகிற கறுப்பா அது? மண்ணெண்ணெய் இருந்தால்தான் போகும். என் நகத்தில் வருஷக்கணக்காக இருந்த அதே கறுப்பை, அவள் விரலில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. மனசு ஆறாமல் போனவள் என்று பேசினோமே, அவளை. அரைமனசு என்று சொன்னாயே. கடனே என்று நடுகிறவள் மூன்று நாள் நின்றால் போதும் என்று ஒரு கழியை நட்டுவிட்டுப் போவாள். அதற்குப் பட்டை உரித்து, இரண்டு தடவை தார் பூசி, ஒரு சாண் அளந்து கொண்டிருக்க மாட்டாள்.

சலீம் மருந்து அடித்துவிட்டுப் போன பிறகு ஒரே ஒரு தடவை நிலையைத் தட்டினேன். டொப்பென்றது, அதோடு சரி. மூன்று நாள் மருந்து வாடைக்குக் கதவெல்லாம் திறந்து கிடந்தது, இப்போதும் திறந்துதான் வைத்திருக்கிறேன். வீடு இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது வேறு பயம். நீ என்னை மாதிரி ஆகிவிடுவாயோ என்கிற பயம். அங்கே ஓர் அறையில் உட்கார்ந்து, செத்துப்போனவள் என்ன நினைத்தாள் என்று தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு, காதில் விழுவதையெல்லாம் பதில் என்று எடுத்துக்கொண்டு. வேண்டாம். உனக்கு நான் சொல்கிற புத்திமதி இவ்வளவுதான்: சந்தேகம் வந்தால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்காதே, தோண்டிப் பார்.

அந்தக் கட்டையைக் கழுவி, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். வாசல் நிலையை மாற்ற ஆசாரிக்குச் சொல்லியாயிற்று. காய்ந்த சவுக்குக் கழி ஒன்றும் வாங்கிப் பட்டை உரித்துப் பின்கட்டில் சாத்தியிருக்கிறேன். நாள் நான் பார்க்கவில்லை, நீ சொல்ல வேண்டும். இதை ஆசாரியிடம் பேசும்போது தேன்மொழி கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரு வரலன்னாலும் கழி வீணாவாது மாமா, துணி காயப்போட கொடி கட்டிக்கலாம்" என்றாள். இன்று காலை வந்து, என் டப்பாவை எடுத்து, என்னைப் பக்கத்தில் விடாமல், அவளே உட்கார்ந்து அடிக்குத் தார் பூசினாள். வெட்டுவாய்க்கு இரண்டு தடவை. மேல் அளவுக்கு மட்டும் என் கையைப் பிடித்து வைத்து அளந்துகொண்டாள். இப்போது கிணற்றடியில் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். போகவில்லை என்று என்னிடம் விரலை நீட்டிக் காட்டுகிறாள். நகக்கண் எல்லாம் கறுப்பு.

மண்ணெண்ணெய் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை. நீ வந்து பார்க்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்.

அப்பா